நெடி அடங்கும் வரை

அவருக்கு ஒரு பெயர் இருந்தது. ரேஷன் கார்டிலும் மாதா கோயில் பதிவேட்டிலும் அது எழுதப்பட்டிருக்கும். எங்கள் லைனில் யாரும் அதைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை. முகத்துக்கு நேரே 'அண்ணா', முதுகுக்குப் பின்னால் 'மூக்கு'. அது அவருக்கும் தெரியும். தெரிந்து, உள்ளுக்குள் கொஞ்சம் பெருமைப்பட்டுக்கொள்ளவும் செய்வார்.

பார்வைக்கு அது ஒன்றும் பிரமாதமான மூக்கு இல்லை. சப்பையாக, நுனியில் ஒரு அம்மைத் தழும்போடு இருக்கும். ஆனால் யார் வீட்டு வாசலில் நின்றாலும் அவர் முதலில் மூக்கைத்தான் உள்ளே அனுப்புவார். "டீச்சரம்மா, பருப்பு அடி புடிக்கப் போவுது, எறக்கிடுங்க" என்பார். ஓடிப் போய்ப் பார்த்தால் பருப்பு நன்றாகத்தான் இருக்கும். ஒரு நாளாவது தோற்றாரே என்று கரண்டியை விட்டுக் கிளறினால், அடியில் லேசாகப் பிடிக்க ஆரம்பித்திருக்கும். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அடுப்படியில் நான் என்ன செய்கிறேன் என்று ஒரு ஆம்பளை வாசலில் நின்று சொன்னால் யாருக்குத்தான் கோபம் வராது?

நான் சொல்வது எழுபதுகளின் நடுவில். கும்மிடிப்பூண்டி ஸ்டேஷனுக்குக் கிழக்கே ஒரு ஐஸ் பாக்டரி இருந்தது. பழவேற்காட்டிலிருந்தும் ஆரம்பாக்கத்திலிருந்தும் வரும் இறாலை ஐஸ் போட்டு லாரியில் ஏற்றுவார்கள். பாக்டரிக்குப் பின்னால் ஐந்து ஓட்டு வீடுகள் ஒரே வரிசையில்; அதுதான் எங்கள் லைன். ஐந்துக்கும் ஒரே கிணறு. முதல் வீட்டில் அவர், இரண்டாவதில் நாங்கள். என் வீட்டுக்காரர் அந்த பாக்டரியில் கம்ப்ரசர் ஓட்டினார். நான் பஞ்சாயத்துப் பள்ளிக்கூடத்தில் இரண்டாம் வகுப்பு டீச்சர். திருப்பாச்சூரில் பிறந்து வளர்ந்தவள், வாய் கொஞ்சம் நீளம். லைனில் படித்தவள் நான் ஒருத்திதான் என்பதால், கடிதம் எழுதுவதிலிருந்து குழந்தைக்குப் பேர் வைப்பது வரை எல்லாவற்றுக்கும் என்னிடம் வந்து நிற்பார்கள். அதில் எனக்கும் ஒரு தலைக்கனம் இருந்தது, மறைப்பானேன்.

அவர் மீஞ்சூர்ப் பக்கம். வயலில் கூலி வேலை பார்த்த குடும்பம். வாலிபத்தில் பட்டணத்துக்கு ஓடிப்போய், ஒரு பேக்கரியில் ஏழெட்டு வருஷம் அடுப்பு முன்னால் நின்றவர். அந்தக் கடை மூடியதும் ஐஸ் பாக்டரிக்கு வந்துவிட்டார். "நெருப்புலருந்து ஐசுக்கு வந்துட்டேன், அப்பால சொர்க்கம் ஒண்ணுதான் பாக்கி" என்று சிரிப்பார். மனைவி இறந்து வெகுநாள் ஆகியிருந்தது. ஒரே மகள். பட்டணத்தில் ஆஸ்பத்திரி விடுதியில் தங்கி நர்ஸ் படிப்பு படித்துக்கொண்டிருந்தாள்.

பேக்கரியிலிருந்து அவர் கொண்டுவந்தது ஒரே ஒரு வித்தை, பழ பிஸ்கட். சிவப்பும் பச்சையுமாகப் பழத்துண்டு பதித்த, கடித்தால் பொலபொலவென்று உதிரும் சதுர பிஸ்கட். அந்தப் பழம் எங்கள் கிணற்றடிப் பப்பாளி மரத்துக் காய்தான் என்று முதலில் தெரிந்தபோது எனக்கு ஏமாற்றமாகக்கூட இருந்தது. காயைத் தோல் சீவி, குன்றிமணி அளவுக்கு நறுக்கி, தெளிந்த சுண்ணாம்புத் தண்ணீரில் ஊறப்போடுவார். கழுவி, கண்ணாடி மாதிரி ஆகும்வரை வேகவைத்துச் சர்க்கரைப் பாகில் போடுவார். மூன்று நாள் பாகை மட்டும் வடித்துச் சுண்டக் காய்ச்சிக் காய்ச்சி ஊற்றுவார். கடைசியில் இரண்டாகப் பிரித்துச் சாயம் கலந்து முறத்தில் காயவைத்தால் லைன் முழுக்க எறும்பு வரும்.

அடுப்பும் அவரே செய்ததுதான். மண்ணெண்ணெய் டின் ஒன்றை மூன்று தடவை எரித்து வாசனையைப் போக்கி, படுக்கவைத்துக் கதவு மாட்டி, அடியில் ஒரு பங்கு கரி, மேலே ஒரு பங்கு கரி. டால்டாவையும் பொடித்த சர்க்கரையையும் உள்ளங்கையால் நுரைக்கத் தேய்த்து, மைதாவும் கஸ்டர்டு பவுடரும் பழமும் போட்டுப் பிசைவார். கடைசியாக, ஒரு கண்ணாடிக் குப்பியை முகத்தைத் திருப்பிக்கொண்டு திறந்து, ஒரு சிட்டிகை வெள்ளைப் பொடியைப் பாலில் கரைத்து ஊற்றுவார். பேக்கரிக்காரர்கள் அதை அமோனியா என்பார்கள். பிஸ்கட்டைப் பொரபொரப்பாக்குவது அதுதான். பாக்டரியில் ஐஸ் உறைய வைக்கக் குழாயில் ஓடுவதும் அமோனியாதான். "ரெண்டும் அண்ணன் தம்பி டீச்சரம்மா. இவன் சாது, அவன் முரடன்" என்பார்.

பிஸ்கட் வேகும்போது அந்தப் பொடி நெடியாக வெளியேறும். முழுக்க வெளியேறிவிட்டால் பிஸ்கட் வெந்துவிட்டது என்று அர்த்தம். கொஞ்சம் உள்ளே தங்கினாலும் தின்பவர் மூக்கில் போய்க் குத்தும். இதற்கு மற்றவர்கள் கடிகாரம் பார்ப்பார்கள். அவர் அடுப்புக்கு எதிரே சம்மணம் போட்டு, கண்ணை மூடிக்கொண்டு உட்காருவார். "கெளம்பிடிச்சி... ஏறுது... ஏறுது... எறங்கிக்கினு கீது..." என்று முணுமுணுப்பார். குழந்தைகள் மூச்சு விடாமல் சுற்றி நிற்கும். "அடங்கிடிச்சி" என்று கதவைத் திறப்பார். ஒரு பிஸ்கட் கூடக் கருகியிருக்காது, ஒன்றில் கூட நெடி இருக்காது.

பாக்டரியிலும் அவருக்கு இதே வேலைதான். காலை ஆறு மணிக்கு மெஷின் ரூமுக்குள் போய் ஒவ்வொரு வால்வு, ஒவ்வொரு இணைப்பாக மோந்துகொண்டே நடப்பார். "இங்க கசியுது, பேக்கிங் மாத்து" என்று அவர் விரல் வைத்த இடத்தில் ஸ்பானரை வைத்தால் போதும். மற்ற ஐஸ் பாக்டரிகளில் கந்தகக் குச்சியைக் கொளுத்திக் குழாய் ஓரமாகக் காட்டுவார்களாம். கசிகிற இடத்தில் புகை வெள்ளையாகத் திரளுமாம். எங்கள் பாக்டரியில் அந்தக் குச்சி வாங்குவதையே நிறுத்திவிட்டார்கள். மூக்கு இருக்கும்போது குச்சி எதற்கு என்பது முதலாளியின் எண்ணம். சுவரில் சிவப்புப் பெட்டிக்குள் இரண்டு முகமூடி தொங்கியது. ரப்பர் வெடித்து, உள்ளே பல்லி முட்டை வைத்திருந்தது. என் வீட்டுக்காரர் அதைச் சொல்லிச் சிரித்தார், நானும் சேர்ந்து சிரித்தேன்.

அவர் மூக்கை நான் கேலி செய்வதை நிறுத்திய நாள் ஒன்று உண்டு. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். என் மகள் ஆறு மாதக் குழந்தை, அடுப்படி ஓரத்தில் சாக்கு விரித்து அதன்மேல் துணி போட்டுத் தூங்க வைத்திருந்தேன். எனக்கு நல்ல ஜலதோஷம். ஸ்டவ்வைப் பற்றவைக்கத் தீப்பெட்டியை எடுத்தேன். கிணற்றடியில் குளித்துக்கொண்டிருந்தவர் ஈரத்துணியோடு அலறிக்கொண்டு ஓடி வந்தார்.

"டீச்சரம்மா, கிழிக்காதீங்க! குச்சிய கிழிக்காதீங்க!"

மண்ணெண்ணெய் டின்னின் அடி ஓட்டையாகி, ஓசைப்படாமல் சாக்கு முழுவதும் ஊறியிருந்தது. அந்தச் சாக்கின்மேல்தான் குழந்தை கிடந்தாள். கையில் குச்சியோடு நான் நின்றேன். அவர் குழந்தையைத் தூக்கி என் தோளில் போட்டுவிட்டு, "இன்னும் இருபது அடி தள்ளி இருந்திருந்தா எனுக்கும் தெரிஞ்சிருக்காது" என்றார். அன்றிலிருந்து அவர் என்ன கேட்டாலும் செய்வேன் என்று மனதுக்குள் வைத்துக்கொண்டேன். அவரும் ஒரு நாள் கேட்டார்.

எங்கள் லைனில் ஒரு வழக்கம். பிஸ்கட் தட்டு அடுப்பிலிருந்து வந்ததும் முதல் பிஸ்கட் எனக்கு. பரீட்சை பேப்பர் திருத்துகிற மாதிரி நான் கடித்து, மென்று, தீர்ப்பு சொல்ல வேண்டும். அதன் பிறகுதான் மற்றவர்கள் கை நீட்டுவார்கள். விளையாட்டாக ஆரம்பித்தது, சட்டமாகிவிட்டது.

மறுவருஷம் ஈஸ்டருக்கும் அப்படித்தான் கடித்தேன். முதலில் இனிப்பு. அப்புறம் நெஞ்சுக்குள்ளிருந்து கிளம்பி மூக்கின் பின்பக்கத்தில் ஊசியாக ஏறியது நெடி. கண்ணில் தண்ணீர் வந்தது. அவர் என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, கோயிலுக்குப் போய்வந்த முகம். எட்டு வருஷமாக ஒரு தட்டைக்கூடக் கெடுக்காத மனுஷன். நல்ல நாளும் அதுவுமாக எப்படிச் சொல்வது?

"பிரமாதம்ண்ணா" என்றேன். எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். கடைசி வீட்டு ஏழுமலை ஒரு கடி கடித்துவிட்டு நிமிர்ந்து என்னைப் பார்த்தான். அவனும் பாக்டரியில் கம்ப்ரசர் ஆள்தான். பொதட்டூர்பேட்டையிலிருந்து பெண் எடுத்துக் கல்யாணமாகி மூன்று மாதம் ஆகியிருந்தது. நான் அவனைப் பார்த்துச் சிரித்தேன். அவனும் சிரித்துவிட்டு மீதியை விழுங்கினான். குழந்தைகள் மட்டும் கிணற்றுக்குப் பின்னால் போய்த் துப்பின.

பொடி ஈரம் பட்டிருக்கும் என்று நானே எனக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஆனால் அதற்கப்புறம் அவரை நான் கவனிக்க ஆரம்பித்தேன். பள்ளிக்கூடத்தில் காப்பி அடிக்கிற பையனைக் கண்டுபிடிப்பதற்கு அவன் பேப்பரைப் பார்க்கக்கூடாது, கண்ணைப் பார்க்க வேண்டும். ஒரு நாள் அவர் வாசலில் நின்று, "முருங்கக்கா சாம்பாரா டீச்சரம்மா?" என்றார். சரிதான். ஆனால் சொல்வதற்கு முன்னால் அவர் பார்வை என் வீட்டுக் குப்பைக்கூடைக்குப் போய்வந்தது. அதில் முருங்கைக்காய் நார் கிடந்தது. அடுத்த நாள் வேண்டுமென்றே கூடையில் வெண்டைக்காய்க் காம்பைப் போட்டுவிட்டு, கத்தரிக்காய் வதக்கினேன்.

"இன்னிக்கு வெண்டக்கா வாசனை தூக்குது" என்றார்.

"ஆமாண்ணா" என்றேன். சொல்லிக்கொண்டே கத்தரிக்காயைக் கிளறிவிட்டேன்.

செப்டம்பரில், மாதா திருநாளுக்குப் பிஸ்கட் போடும்போது என் வீட்டு டைம்பீஸை இரவல் கேட்டு வந்தார். "என்னுது ஓடல, அதான்" என்றார். அவர் வீட்டில் கடிகாரமே கிடையாது என்பது லைனுக்கே தெரியும். அன்றைக்கு அவர் கண்ணை மூடி உட்கார்ந்து, "ஏறுது... எறங்குது..." என்று வழக்கம்போலவே முணுமுணுத்தார். குழந்தைகள் சுற்றி நின்றன. டைம்பீஸ் அவர் மடியில் துண்டுக்கு அடியில் இருந்தது. நடுநடுவே துண்டு ஓரத்தை லேசாகத் தூக்கிப் பார்த்துக்கொண்டார். பிஸ்கட் நன்றாகத்தான் வந்தது. நான் பாதியைக் கடித்துவிட்டு மீதியை முந்தானையில் முடிந்துகொண்டேன்.

தீபாவளி லீவில் டைம்பீஸைத் திருப்பிக் கொடுக்க வந்தார். வாசற்படியில் உட்கார்ந்து மகள் எழுதிய கடிதத்தை நீட்டினார். நான் வாசித்துக்கொண்டே, அடுப்பில் இருந்த பாலை இறக்காமல் விட்டேன். வேண்டுமென்றேதான் விட்டேன். பால் பொங்கி வழிந்து, சுண்டி, தீய ஆரம்பித்தது. தீய்ந்த பாலின் நாற்றம் எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. தொட்டிலில் குழந்தை தும்மினாள். அவர் மகளின் மதிப்பெண்ணைப் பற்றிப் பேசிக்கொண்டே இருந்தார். நான் கடிதத்தைப் படிப்பதை நிறுத்திவிட்டு அவர் முகத்தைப் பார்த்தேன். அந்த முகத்தில் ஒன்றுமே இல்லை.

கிணற்றடியிலிருந்து ஏழுமலையின் மனைவி கஸ்தூரி கத்தினாள். "டீச்சர்க்கா, பாலு தீயுது பாருங்கோ!"

அவர் சட்டென்று தலையைத் தூக்கி, மூக்கை விடைத்து இரண்டு தரம் உறிஞ்சினார். "ஆமா, தீயுது" என்றார்.

"எத்தினி நாளா?" என்று கேட்டேன்.

"எது டீச்சரம்மா?"

"ண்ணா, எங்கிட்ட வேணாம்."

அவர் என் கையிலிருந்து கடிதத்தை வாங்கி மடித்தார். மடித்ததையே பிரித்து மறுபடி மடித்தார். "பொங்கலுக்கு முன்னாடி ஒரு தபா வால்வாண்ட குனிஞ்சிக்கினு இருந்தேன், மூஞ்சில அடிச்சிடிச்சி. ரெண்டு நாள் ரத்தம் வந்துது. அதுலருந்து கொஞ்சம் கொஞ்சமா போய்க்கினே இருந்துச்சி. இப்ப சுத்தமா இல்ல. பினாயில் குடுத்தாலும் தெரியாது."

"மெஷின் ரூம்ல தினம் இன்னா பண்றீங்க?"

"மோந்து பாக்கற மாதிரி போய்ட்டு வரேன்."

என் வீட்டுக்காரர் தினமும் காலை ஆறிலிருந்து இரண்டு வரை அந்த ரூமில்தான், அந்த மூக்கை நம்பித்தான் நின்றுகொண்டிருந்தார். கோபத்தில் கத்தினேன் என்று நினைக்கிறேன். அவர் கை கூப்பினார். என்னைவிட இருபது வயது பெரியவர்.

"மூக்குக்காகத்தான் வெச்சிக்கினு கீறாங்க டீச்சரம்மா. இல்லன்னு தெரிஞ்சா மறுநாளே போன்னுடுவாங்க. பொண்ணுக்குக் கடைசிப் பரிச்ச டிசம்பர்ல முடியுது. கிறிஸ்மஸ் வரிக்கும் டயம் குடுங்க. அப்பால நானே ஆபீசுல போய் சொல்லிடறேன். மாதா மேல சத்தியம்."

மண்ணெண்ணெய் ஊறிய சாக்கு என் கண்ணில் வந்தது. சரி என்று சொல்லிவிட்டேன்.

அதற்கப்புறம் நான் செய்ததைத்தான் சொல்லக் கூச்சமாக இருக்கிறது. இறால் லாரிக்காகக் காலை ஷிப்டில்தான் மெஷின்களை முழு வேகத்தில் ஓட்டுவார்கள், ஆபத்தும் அதில்தான் அதிகம். அன்று சாயங்காலமே வீட்டுக்காரரிடம், நான் பள்ளிக்கூடம் போகிற நேரத்தில் குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை, இரண்டாவது ஷிப்டுக்கு மாறிக்கொள்ளுங்கள் என்று பிடிவாதம் பிடித்தேன். "இத்தினி நாள் கஸ்தூரிதான பாத்துக்கினா, இப்ப இன்னாடி வந்துது?" என்று எரிந்து விழுந்தார். அழுதேன். மாறிக்கொண்டார். அவர் இடத்துக்குக் காலை ஷிப்டுக்கு வந்தவன் ஏழுமலை.

அவனுக்கு ஒரே சந்தோஷம். "உங்க புண்ணியம் டீச்சரம்மா. இனிமே சாயங்காலத்துல கஸ்தூரிய சினிமாவுக்கு இட்டுக்கினு போவலாம்" என்று வந்து சொல்லிவிட்டுப் போனான். நான் அவனுக்குக் காபி கொடுத்தேன்.

நவம்பர் முழுக்க மழை. டிசம்பர் பிறந்து முதல் வாரத்தில் ஒரு நாள், சாப்பிட்டுக்கொண்டே என் வீட்டுக்காரர் சொன்னார்: "ரெண்டாம் நம்பர் மெஷினாண்ட லேசா நெடி வர்ற மாதிரி இருந்துச்சி. காலைல அண்ணன் பாத்துட்டு ஒண்ணும் இல்லன்னாராம். அவரே சொல்ட்டார்னா அப்புறம் இன்னா." சோற்றைப் பிசைந்தபடி சாதாரணமாகச் சொன்னார்.

மறுநாள் கிணற்றடியில் அவரைப் பிடித்தேன். "ண்ணா, ரெண்டாம் நம்பர்."

"தெரியும் டீச்சரம்மா. கந்தகக் குச்சி கொளுத்திப் பாக்கலாம்னு ஸ்டோர்ல கேட்டேன். ஒண்ணுகூட இல்ல. வாங்கச் சொன்னா, உனுக்கு எதுக்குய்யா குச்சின்னு சிரிக்கிறாங்க. இன்னான்னு சொல்லுவேன்?" அவர் வாளியைக் கிணற்றில் விட்டார். "மூணு வாரந்தான கீது."

மூன்று வாரம்தானே என்று நானும் நினைத்தேன். நேரே ஆபீசுக்கு நடந்திருக்கலாம். பள்ளிக்கூடம் போகிற வழியில்தான் இருந்தது அந்த ஆபீஸ். அன்றைக்கும் அதற்கடுத்த இரண்டு நாளும் அதன் கேட்டைத் தாண்டித்தான் போனேன்.

மூன்றாம் நாள் காலை பத்து மணி இருக்கும். வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். முன்வரிசையில் ஒரு பெண் குழந்தை கண்ணைக் கசக்கியது. பிறகு பக்கத்துக் குழந்தை. அப்புறம் எனக்கும் வந்தது. ஈஸ்டர் பிஸ்கட்டின் அதே நெடி, ஜன்னல் வழியாக ஊருக்கே வந்தது. பிள்ளைகளை மேற்கே விரட்டிவிட்டு நான் கிழக்கே ஓடினேன். ஓடும்போது முதலில் வந்த நினைப்பு, 'காற்று பள்ளிக்கூடப் பக்கம்தான் அடிக்கிறது, நம்மவர் குழந்தையோடு வீட்டில் இருப்பார், தப்பித்தோம்' என்பதுதான். நிம்மதியாகக்கூட இருந்தது. பாதி வழியில்தான் ஏழுமலை முகம் வந்தது.

இரண்டாம் நம்பர் மெஷினின் இணைப்பு பிய்த்துக்கொண்டு போயிருந்தது. ஏழுமலை அதன் பக்கத்தில் நின்றிருக்கிறான். எல்லோரும் வெளியே ஓடிவர, அவர் ஒருவர்தான் ஈரச்சாக்கை முகத்தில் சுற்றிக்கொண்டு உள்ளே போனாராம். ஏழுமலையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தாராம். நான் போய்ச் சேர்ந்தபோது இருவர் மேலும் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். அவர் கைகள் வெந்துபோயிருந்தன. ஏழுமலை, "கண்ணு, கண்ணு" என்று அலறிக்கொண்டிருந்தான். கஸ்தூரி எங்கிருந்தோ ஓடிவந்து அவன் தலையை மடியில் வாங்கிக்கொண்டாள். அவளுக்கு அப்போது ஐந்தாம் மாதம்.

ஊரே அவரைக் கொண்டாடியது. "மூக்கு இருக்கவேதான் ஏழுமலை உசிரோட கீறான்" என்றார்கள். பழைய மெஷின், யாரும் ஒன்றும் செய்திருக்க முடியாது என்று பேசி முடித்தார்கள். என் வீட்டுக்காரர் குழந்தையைக் கட்டிக்கொண்டு, "நீ அன்னிக்கு அழுத பாரு, அந்த அழுவதான் என்னக் காப்பாத்துச்சி" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். நான் கையை இழுத்துக்கொண்டேன். அண்ணன் ஆபீசில் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. கிணற்றடியில் எதிர்ப்பட்டால் இரண்டு பேரும் வாளியைப் பார்த்துக்கொண்டு நகர்ந்துவிடுவோம்.

அந்தக் கிறிஸ்மசுக்கு அவர் அடுப்பு மூட்டவில்லை. ஜனவரியில் மகள் வந்து அவரைப் பட்டணத்துக்கு அழைத்துப் போனாள். போவதற்கு முந்தின நாள் மத்தியானம், கைக்கட்டை அவிழ்த்துவிட்டு அடுப்பை மூட்டினார். என் டைம்பீஸைக் கேட்டு வாங்கி, ஒளிக்காமல் எல்லோரும் பார்க்கிற மாதிரி அடுப்புக்கு முன்னால் வைத்துக்கொண்டார். அந்த வெந்த விரல்களால் அவர் மாவைச் சமன்செய்து வெட்டுவதைப் பார்க்க முடியாமல் நான் உள்ளே போய்விட்டேன். சாயங்காலம் டைம்பீஸையும் ஒரு டப்பாவையும் கொண்டுவந்து என் படியில் வைத்தார்.

"ஏழுமலைக்கு. நான் குடுத்தா ஒரு மாதிரி இருக்கும். நீங்க குடுத்துடுங்க."

"ண்ணா, அவங்கிட்டயாவது சொல்லிடலாம்ண்ணா."

"நீங்க சொல்லுங்க டீச்சரம்மா" என்றார். "நீங்க சொன்னா நல்லபடியா சொல்லுவீங்க. எனுக்கு வாய் வராது." அவ்வளவுதான். அதற்குப் பிறகு நான் அவரைப் பார்க்கவே இல்லை.

டப்பாவை எடுத்துக்கொண்டு கடைசி வீட்டுக்குப் போனேன். சொல்லிவிட வேண்டும் என்றுதான் போனேன். ஏழுமலை வாசலில் கயிற்றுக்கட்டிலில் உட்கார்ந்திருந்தான். கண் இருந்த இடத்தில் வெள்ளைத் துணி. என் செருப்புச் சத்தத்தைக் கண்டுகொண்டான். "டீச்சரம்மாவா? வாங்க" என்றான். கையில் ஒரு பிஸ்கட்டை வைத்தேன். விரலால் தடவிப் பழத்துண்டுகளை எண்ணுகிற மாதிரி பார்த்தான். மூக்கருகே கொண்டுபோய், இறக்கிவிட்டான்.

"எனுக்கு மூக்கும் போய்டிச்சி டீச்சரம்மா. வாயிலயும் ருசி இல்ல" என்றான். சிரித்தான். "உங்களாண்ட ஒண்ணு சொல்லணும். நம்ம அண்ணன் ஈஸ்டருக்குக் குடுத்தாரே, அதுல நெடி நின்னுச்சி. நல்லாவே நின்னுச்சி. அண்ணன் மூக்குக்கு இன்னாவோ ஆயிடிச்சின்னு அன்னிக்கே எனுக்குத் தோணிச்சி. கேட்டுடலாம்னு வாயத் தொறந்தேன். டீச்சரம்மாவே நல்லாருக்குன்னாங்களே, நமக்கு இன்னா தெரியும்னு முழுங்கிட்டேன்."

உள்ளே கஸ்தூரி மாவாட்டுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

அவன் அந்த பிஸ்கட்டை, நான் நிற்கிற திசையைக் கொஞ்சம் தவறவிட்டு, என் பக்கம் நீட்டினான். "இது நல்லா வெந்துக்கீதா? கஸ்தூரி மாசமா கீறா, அவளுக்குக் குடுக்கணும். நீங்க சாப்ட்டுப் பாத்துச் சொல்லுங்க."

வாங்கிக் கடித்தேன். நன்றாக வெந்திருந்தது. நெடி துளிகூட இல்லை. அதைச் சொல்லத்தான் எனக்கு வாய் வரவில்லை.